அண்ணாச்சியின் ஸ்டெப்னி

படகு வாங்குகிறவர்கள் தண்ணீரைப் பற்றி மட்டும்தான் யோசிக்கிறார்கள். டெக்சஸில், அதுவும் ஆஸ்டின் மாதிரி கடலை விட்டு வெகு தூரம் உள்ளே இருக்கிற ஊரில், படகு என்பது ரோட்டில் ஓடுகிற வாகனம். மீதி நேரம் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும். தண்ணீரில் இறங்குவதெல்லாம் நல்ல நாள் பெரிய நாளில்தான். ஆனாலும் லைஃப் ஜாக்கெட், நங்கூரம், விசில், தீயணைக்கும் சிலிண்டர் என்று மூழ்குவதற்கான ஏற்பாடுகள் பக்காவாக இருக்கும். நட்டநடு ரோட்டில் நிற்பதற்கான ஏற்பாடு ஒன்றும் இருக்காது.

எங்கள் தெருவில் இருக்கிற தூத்துக்குடி அண்ணாச்சி பழைய அலுமினியப் படகு ஒன்றை வாங்கியபோது, அதில் மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று காட்டுகிற திரைகூட இருந்தது. ட்ரெய்லருக்கு ஸ்டெப்னி இல்லை. புது ட்ரெய்லர் வாங்கினாலும் பல கம்பெனிகளில் அதற்குத் தனிக் காசுதான்.

"பிக்கப்புக்கு அடியில ஒண்ணு கெடக்குல்லா தம்பி, அத எடுத்து மாட்டுனா ஆச்சு" என்றார் அண்ணாச்சி.

ஆகாது. ட்ரெய்லர் சக்கரம் தனி ஜாதி. அண்ணாச்சியுடையது 14 அங்குலம், 5 போல்ட். அந்த ஐந்தும் நாலரை அங்குல வட்டத்தில் உட்கார்ந்திருக்கும். சில ட்ரெய்லர்களில் 4 போல்ட், பெரியவற்றில் 6. டயரும் வேறு. பக்கச்சுவர் கெட்டியாக, பாரம் தாங்குவதற்கென்றே செய்தது. 'எஸ்டி' என்ற இரண்டு எழுத்து அதன் மேல் இருக்க வேண்டும். காற்றும் கார் டயரைவிடக் கூடுதலாக, 50 பவுண்டு பிடிக்கும். அண்ணாச்சியின் டயருக்கு விதித்த வேகம் மணிக்கு 65 மைல். ஆஸ்டினை விட்டுத் தெற்கே போகிற 130ஆம் நெடுஞ்சாலையிலோ 85 மைல் வரை போகலாம். அமெரிக்காவிலேயே அதுதான் உச்சம். இரண்டுக்கும் நடுவே இருக்கிற இருபது மைலில்தான் ரோட்டோரம் கறுப்புக் கறுப்பாக ரப்பர் கிழிசல் கிடக்கும்.

டயர் கடையில் அண்ணாச்சி ஜாதகம் பார்த்தார். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கிற கடைசி நாலு எண்தான் பிறந்த தேதி. 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம். ட்ரெய்லர் டயர் ஓடித் தேய்ந்து சாவதில்லை. வெயிலில் நின்றே செத்துப்போகும். பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருக்கும், உள்ளே ரப்பர் விறைத்திருக்கும். ஐந்து வருஷம் ஆனாலே சந்தேகப்படச் சொல்கிறார்கள். கடைக்காரர் காட்டியதையெல்லாம் தள்ளிவிட்டு, அடுக்கின் அடியில் இருந்த கைக்குழந்தையாகப் பார்த்து எடுத்தார் அண்ணாச்சி.

வாங்கியது சுலபம். மாட்டுகிற கதைதான் பெரிது.

ட்ரெய்லரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற மூன்றங்குலச் சதுரக் குழாயில் ஒரு தாங்கியை வைத்து, பின்பக்கமிருந்து யு-போல்ட் கொடுத்து இறுக்கி, அதில் சக்கரத்தைத் தொங்கவிட வேண்டும். படம் பார்த்தால் பத்து நிமிஷ வேலை. முதலில் கொக்கிக்குப் பக்கத்தில் மாட்டினார். பிக்கப்பின் பின்கதவைத் திறந்தால் டயரில் இடித்தது. ஓரடி பின்னால் தள்ளினார். ட்ரெய்லரைத் தூக்கி நிறுத்துகிற முன்ஜாக்கி மடங்கி மேலே வர இடமில்லை. இன்னும் தள்ளினால் வின்ச். படகை இழுத்து ஏற்றுகிற அந்தக் கைப்பிடி முக்கால் சுற்று சுற்றி, டயரில் முட்டி நின்றது. சக்கரத்தை மறுபக்கம் திருப்பி மாட்டினார். கைப்பிடி சுற்றியது. ஆனால் சுற்றுகிறவர் விரல் முட்டி ஒவ்வொரு சுற்றுக்கும் ரப்பரில் உரசியது. அண்ணாச்சி கையை உதறிக்கொண்டே, "ஒருத்தனும் இத மாட்டிப் பாத்துட்டுச் செய்யலடே" என்றார்.

இதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ட்ரெய்லருக்கு அடியில் ஒருவர் படுத்திருந்தால் தெருவில் போகிற எந்த ஆணும் நிற்காமல் போகமாட்டார், ஆஸ்டினானாலும் ஆறுமுகநேரியானாலும். எதிர்வீட்டுப் பெரியவர், சக்கரத்தைத் தூக்கிப் படகுக்குள்ளேயே போடச் சொன்னார். அவர் படகு வைத்திருந்தபோது அப்படித்தானாம். ஆபீஸ் நண்பர் ஒருவர் ட்ரெய்லரின் வயிற்றுக்கு அடியில் கட்டச் சொன்னார். உப்புத்தண்ணீரில் இறங்கி ஏறினால் போல்ட் துருப்பிடித்துக் கழற்றவே வராது என்று இன்னொருவர் அதை அடித்தார். எடை முன்னால் கூடுகிறதே என்றார் ஒரு இன்ஜினீயர். இருபது கிலோ சக்கரத்துக்கு அவர் போட்ட கணக்கு இரண்டு பக்கம் வந்தது. உருப்படியாகச் சொன்னவர் ஒருவர்தான்: தாங்கியில் வெறும் இரும்பை வைக்காதே, கிரீஸ் போட்ட உதிரி ஹப்பையே மாட்டி, அதன் மேல் சக்கரத்தை மாட்டு என்றார். ஓடிச் சூடான ஹப்பைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும், கிரீஸ் பால் மாதிரி வெளுக்கும், பேரிங் போகும். டயர் இல்லாமல் நிற்பவர்களுக்குச் சமமாகப் பேரிங் இல்லாமல் நிற்பவர்களும் உண்டு என்பது அவர் அனுபவம்.

கடைசியில் அண்ணாச்சி கொக்கிக்கும் ஜாக்கிக்கும் நடுவில் ஒரு சமரசத்துக்கு வந்தார். பிக்கப்பின் பின்கதவு பாதிதான் திறக்கும். புளியோதரைத் தூக்கைச் சாய்த்து வெளியே எடுக்க வேண்டும். மதினி இதைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுதவேண்டாம்.

அப்புறம் பூட்டு. போர்ட் அரான்சஸ் கடற்கரைக்குப் போகிற எங்கள் வழியில் கொன்சாலஸ் என்று ஒரு ஊர் வருகிறது. 1835இல் மெக்சிகோ ராணுவம் வந்து, கொடுத்து வைத்திருந்த பீரங்கியைத் திருப்பிக் கேட்டபோது, ஊர்க்காரர்கள் 'வந்து எடுத்துக்கோ' என்று கொடியில் எழுதிக் காட்டிச் சண்டைக்கு நின்றார்கள். டெக்சஸ் விடுதலைப் போரே அதில்தான் ஆரம்பம். அந்த வாசகம் இப்போது பனியன், தொப்பி எல்லாவற்றிலும் உண்டு. அண்ணாச்சி அதில் ஒரு ஸ்டிக்கர் வாங்கி, பூட்டுப் போட்ட ஸ்டெப்னியின் நடுவில் ஒட்டினார். குட்டையான ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்றும் வாங்கினார். டயர் சப்பையாகி அச்சு இறங்கிவிட்டால் பிக்கப்பின் ஜாக்கி அடியில் நுழையாது.

அதன் பிறகு பங்சர் ஆகவே இல்லை. இது அண்ணாச்சியை உள்ளுக்குள் அரித்தது. பெட்ரோல் போட நிற்கும்போதெல்லாம் டயரைத் தட்டிப் பார்ப்பார். கல்லு மாதிரி இருக்கும். முகம் வாடிவிடும்.

ஒரு சனிக்கிழமை லூலிங் தாண்டி, அந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த தர்பூசணி மாதிரியே பெயின்ட் அடித்த தண்ணீர்த் தொட்டியும் கண்ணுக்கு மறைந்தபின், ரோட்டோரம் ஒரு படகு சாய்ந்து நின்றது. பக்கத்தில் தொப்பி வைத்த ஒருவர் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். ஸ்டெப்னி கிடையாது. அண்ணாச்சி பிரேக் போட்ட வேகத்தில் எங்கள் படகே ஏறி முன்னால் வந்துவிடும் போலிருந்தது. இறங்கும்போதே சாவி கையில் இருந்தது.

அவருடையது 12 அங்குலச் சக்கரம். 4 போல்ட்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் அந்த நாலு போல்ட்டையும் பார்த்தபடி நின்றார். 1904இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில், டேவிஸ் சகோதரர்கள் விற்ற மாற்றுச் சக்கரத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஆரம் இல்லாத வளையம் அது. காற்றுப்போன சக்கரத்தைக் கழற்றாமலே அதன் மேல் கவ்வவிட்டால் போதும், போல்ட்டை யாரும் எண்ண வேண்டியதில்லை. நூறு வருஷத்துக்கு மேல் முன்னேறி இங்கே வந்து நிற்கிறோம்.

"சரி, ஜாக்கியாவது ஆகுமே" என்றார் அண்ணாச்சி.

ஜாக்கி ஆயிற்று. எங்கள் வீல் ஸ்பானரும் ஆயிற்று. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்தி, பிறகு தூக்கி, கழற்றிய சக்கரத்தோடு அவரையும் ஏற்றிக்கொண்டு லூலிங்குக்கே திரும்பிப் போய்ப் புது டயர் போட்டு வந்தோம். எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்கியது அண்ணாச்சிதான். ஐம்பது மைல் போனதும் மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லி உத்தரவும் போட்டார்.

அந்த மனிதர் நன்றி சொல்லிக் கை குலுக்கினார். போகிறவர் திரும்பி, எங்கள் ஸ்டெப்னியை ஏற இறங்கப் பார்த்தார். அதை ஏன் அங்கே மாட்டினீர்கள், கதவு இடிக்குமே என்றார். அவராக இருந்தால் வின்ச் கம்பத்துக்கு இந்தப் பக்கம், கொஞ்சம் சாய்த்து மாட்டுவாராம்.

ஸ்டெப்னியே இல்லாத மனுஷன். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே குத்தவைத்து, சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்துவிட்டார்.