நாலு கையகலத்து நாயம்

ஏங்கண்ணு, காருக்கு டயர் வாங்கறதுக்கு வாரக்கணக்கா போன்ல வீடியோ பாக்கறியாமா? உங்கப்பன் உங்கம்மாளப் பொண்ணு பாக்கப் போனப்பவே காப்பி ஆறறதுக்குள்ள நாயத்த முடிச்சுட்டு வந்துட்டோம்.

சரி, என்னதான் வேணுமாம்? பதினேழு இஞ்சு அலாய், அகல டயரு. வண்டி என்ன வண்டி? பொண்டாட்டி, புள்ளைங்க, டிக்கில ஒரு மூட்டை தேங்கா ஏத்தற சின்னக் காரு. ஓடற ரோடு எது? திருச்செங்கோட்டுல இருந்து ஈரோட்டுக்கு. ஞாயித்துக்கெழமையானா மாமனார் தோட்டத்து இட்டேரி. இதுக்கா இத்தனை ரோசனை?

அந்தக் காலத்துல லாடம் கட்டறவன்கிட்ட மாட்டப் புடிச்சுக்கிட்டுப் போனா, மொதல்ல ஒண்ணு கேப்பான்: "உழவு மாடா, வண்டி மாடா?" சேத்துல ஏர் இழுக்கறதுக்கு லாடம் எதுக்கு? சரளை ரோட்டுல பாரம் இழுக்கறதுக்குத்தான் அது. டயர்க்கடையில உன்னைய அப்படி ஆராச்சும் கேட்டாங்களா? "பட்ஜெட் எவ்வளவு சார்"னு கேட்டிருப்பாங்க. நீயும் நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொல்லியிருப்பே.

மொதல்ல டிரைவர் கதவத் தொற. தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். என்ன சைஸு, எத்தனை காத்துன்னு வண்டி பண்ணுனவனே எழுதி ஒட்டியிருக்கறான். அத ஒருக்காவாச்சும் படிச்சியா? கதவுல கோடு விழுந்தா மட்டும் உனக்கு ராத்திரி தூக்கமில்ல.

உன்ற டயர் பக்கத்துல 185/65 ஆர்15 88எச்-னு போட்டிருக்குதல்லோ? மந்திரமில்ல கண்ணு. அகலம் 185 மி.மீ. அதுல நூத்துக்கு 65 பங்கு பக்கச்சுவத்து ஒசரம். ஆர்-னா ரேடியல். ரிம்மு 15 இஞ்சு. 88-ங்கறது ஒரு டயர் 560 கிலோ தாங்கும்ங்கற கணக்கு. எச்-னா மணிக்கு 210 கி.மீ. வரைக்கும் தாங்கும். 210! கரும்பு டிராக்டர் பின்னால ஹாரன் அடிச்சுக்கிட்டே இருவதுல போற ஆளு நீ. அதுக்குன்னு கம்பெனி குடுத்த எழுத்துக்கும் எடைக்கும் கீழ எறங்கிப்போடாத. அதுக்கு மேல ஏறி எதுக்குக் காசக் கொட்டறேன்னுதான் கேக்கறேன்.

இப்ப நீ கேக்கற 205/45 ஆர்17-க்கு வருவோம். மொத்த ஒசரம் பழசுக்குக் கிட்டத்தட்டச் சரியாத்தான் வரும். கடைக்காரன் அதத்தான் காட்டுவான். ஆனா ரிம்மு பெருசானா ரப்பர் எங்க போகும்? பக்கச்சுவரு 120 மி.மீ. இருந்தது 92-க்கு வந்துரும். அந்த 28 மி.மீ.தான் இத்தனை நாளும் குழியில விழறப்ப அடிய வாங்கிக்கிட்டு இருந்தது. இனிமேல் ஆரு வாங்குவா? ரிம்மு வாங்கும், பொறவு உன்ற முதுகு வாங்கும். டயர் பக்கத்துல கட்டி பொடைச்சுக்கிட்டு வந்தா, உள்ளார நூலு அறுந்துபோச்சுன்னு அர்த்தம். அதுக்குப் பஞ்சர் ஒட்டற வைத்தியமெல்லாம் இல்ல. தூக்கிப் போடறதுதான். அகலம் எச்சானா மழைத்தண்ணியில மெதக்கறதும் வெரசா வரும், பெட்ரோலும் எச்சாக் குடிக்கும். டீக்கடைப் பையன் "அண்ணா, செம"ன்னு சொல்லுவான். அந்தப் பெட்ரோலுக்கு அவனா காசு குடுப்பான்?

உன்ற சிநேகிதன் ஒருத்தன் பெரிய ஜீப்பு மாதிரி வண்டிக்கு மலைக்காட்டு டயர் போட்டிருக்கறான். கட்டை கட்டையாப் பட்டன். சேறு கண்டா நல்லாப் புடிக்கும், பொய் சொல்லக்கூடாது. அவன் கண்ட சேறு எங்க? கோயமுத்தூரு ஐடி கம்பெனி பார்க்கிங்ல. தார்ரோட்டுல அது போற சத்தத்துல பாட்டுக்கூடக் காதுல உழுகறதில்ல. நாமக்கல் லாரிக்காரரப் பாரு. முன்னால கோடு கோடாப் போட்ட பட்டன், இழுக்கற பின்சக்கரத்துக்குக் கட்டைப் பட்டன். என்ன லோடு, எந்த லைன்னு பாத்து மாட்டறார். வெளியில பீத்திக்கறதுமில்ல.

இதுல குளிர்கால டயருன்னு வேற எதையோ பாத்தியாமா? அது 7 டிகிரிக்குக் கீழ ரப்பர் வெறைக்காம இருக்கறதுக்குப் பண்ணுனது. சித்திரையில கரூர் தார்ரோட்டுக்கு அதக் கொண்டாந்து ஓட்டுனா அரம் வச்சு அராவுன கணக்காத் தேஞ்சுபோகும். நைட்ரஜன் அடிக்கணும்னு இன்னொருத்தன். நீ மூச்சு உடற காத்துலயே நூத்துக்கு 78 பங்கு நைட்ரஜன்தானே? மாசத்துக்கு ஒருக்கா சாதாக் காத்தே சரியா அடி, போதும்.

உருப்படியாப் பாக்கறதுக்கு ஒண்ணு இருக்குது. டயர் பக்கத்துல டாட்-னு ஆரம்பிக்கற வரியோட கடைசியில நாலு நெம்பர் இருக்கும். 3221-னா 2021-ல 32-வது வாரம் பண்ணுனது. "உங்களுக்குன்னு தள்ளுபடி சார்"னு சொல்றப்பத்தான் குனிஞ்சு அதப் படிக்கோணும். புதுசுன்னு எடுத்தது குடோன்ல பல வருசம் தூங்கியிருந்தா ரப்பர் காஞ்சுபோயிருக்கும். பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்கு வந்தா டயர் தீந்துதுன்னு கணக்கு. பள்ளத்துக்குள்ள சின்ன மேடு வச்சிருப்பாங்க, அதுக்குச் சமமாத் தேஞ்சா மாத்திப்போடு. ஒரு டன் வண்டி ரோட்டத் தொடறது நாலே எடத்துல, ஒவ்வொண்ணும் உன்ற கையகலம். பிரேக்கு புடிக்கறது அந்த நாலு கையகலந்தான், அலாய் இல்ல.

காசு பத்தாம ரெண்டு மட்டும் வாங்கறியா? புதுச பின்னால போடு. என்னது, இழுக்கறது முன்சக்கரமா? இருக்கட்டும். மழையில முன்சக்கரம் வழுக்குனா ஸ்டீரிங்லயே தெரியும், காலை எடுத்தா தேறிக்கலாம். பின்சக்கரம் வழுக்குனா வண்டி தட்டாமாலை சுத்தும், அப்ப நீ கும்புடறதுக்குக் கைகூட சும்மா இருக்காது.

அட, நாலு டயருக்கு இத்தனை நாயம் பேசறியே, ஸ்டெப்னிய எப்பத் தொட்டே? டிக்கில அது மேலதானே தேங்கா மூட்டை? போ, மூட்டைய எறக்கிட்டுக் காத்து இருக்குதான்னு பாரு. இப்பத்து வண்டியில பலதுக்கு ஸ்டெப்னியவே சின்னதாக் குடுத்து, 80-க்கு மேல போகாதேன்னு அதுமேலயே எழுதியிருக்கறான். அதையாச்சும் படிச்சுட்டு வா.