காய்ச்சலாம், சுவைக்கலாகாது: தவக்கால வீட்டு பியர் குறித்து ஓர் ஆராய்ச்சி

வீட்டில் பியர் காய்ச்சுவதையே பொழுதுபோக்காகக் கொண்ட அமெரிக்கக் கத்தோலிக்கர் ஒருவர், தவக்காலம் முழுவதும் மதுவைத் தொடுவதில்லை என்று தீர்மானிக்கிறார். அவர் துறந்தது எதை? கேட்கப்பட்ட பெரியோர் பலரும் ‘பியரை’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். அது மேலோட்டமான விடை. அவர் துறந்தது குடிப்பதை அன்று, தான் செய்ததை அடிக்கடி எடுத்து ருசி பார்ப்பதை. அந்தத் துறவால் கடைத்தேறுவது அவர் ஆன்மா அன்று, பியர். இவ்விரண்டையும் நிறுவுவதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

முதலில் ஆய்வுப்பொருளை வரையறுப்போம். 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, வயதுவந்தோர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 காலனும், இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் 200 காலனும் வரியில்லாமல் பியர் காய்ச்சிக்கொள்ளலாம். 200 காலன் என்பது ஏறத்தாழ 757 லிட்டர். விற்கக் கூடாது. மாநிலங்கள் தம் போக்கில் இதை ஏற்றுக்கொண்டன. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை பிடிவாதமாக நின்றன. பாப்டிஸ்ட் சபையார் செல்வாக்கு மிகுந்த அம்மாநிலங்களில் ஆண்டு முழுவதும் தவக்காலம் என்று கொண்டால் இதில் வியப்பில்லை. (தமிழ்நாட்டில் இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆய்வாளர்களுக்கு: 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தை வைத்துக்கொண்டு வரும் போலீசாரிடம் ‘முனைவர் பட்டத்துக்காக’ என்று சொல்லிப் பயனில்லை.) கவனிக்க வேண்டியது, சட்டம் அளப்பது காய்ச்சுவதை, விரதம் அளப்பது குடிப்பதை. 757 லிட்டர் காய்ச்சி ஒரு சொட்டும் குடிக்காதவரைப் பற்றிச் சட்டத்துக்கும் புகார் இல்லை, விரதத்துக்கும் புகார் இல்லை. புகார் வருவது ஃப்ரிட்ஜில் காய்கறி வைக்க இடம் தேடுபவரிடமிருந்துதான்.

இனித் திருச்சபையின் நிலை. திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும் ஒருசந்தி. 18 முதல் 59 வயதுவரை உள்ளோரைக் கட்டும். வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம், 14 வயது நிரம்பியவர்கள் இறைச்சி உண்ணலாகாது. பியரைப் பற்றி விதியில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆகவே நம்மவர் விரதம் அவரே எழுதி, அவரே மீறி, அவரே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் சட்டம். இத்தகைய நீதிமன்றங்களில் தள்ளுபடியாகும் வழக்குகளே அதிகம்.

உதாரணமாக ஞாயிறு வழக்கு. திருநீற்றுப் புதன் முதல் பாஸ்காவுக்கு முந்தைய சனிவரை எண்ணினால் 46 நாள். தவக்காலமோ 40 நாள். மிச்சம் ஆறும் ஞாயிறு. ஞாயிறு உயிர்ப்பின் நாள், அதில் நோன்பில்லை. இதைக் கண்டுபிடித்த கணத்தில் நம்மவர்களுள் இரு சமயப் பிரிவுகள் தோன்றிவிட்டன. 46 காரர்கள் 40 காரர்களைச் சோம்பேறிகள் என்கிறார்கள். 40 காரர்கள் 46 காரர்களைக் கணக்குத் தெரியாதவர்கள் என்கிறார்கள். 40 காரர்களின் ஞாயிறு சனிக்கிழமை மாலை வழிபாட்டோடு தொடங்கித் திங்கள் விடியலுக்குச் சற்று முன்பு முடிவதாகவும் கேள்வி.

பேட்ரிக் வழக்கு இதனினும் சிக்கலானது. ஈஸ்டர் மார்ச் 22க்கு முன்பும் வராது, ஏப்ரல் 25க்குப் பின்பும் வராது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மார்ச் 17, அயர்லாந்தின் புனித பேட்ரிக் நாள், எந்த ஆண்டிலும் தவக்காலத்துக்குள்தான் விழுந்தாக வேண்டும். தப்பிக்க வழியே இல்லை. 2017இல் அந்நாள் வெள்ளிக்கிழமையாக வாய்த்தபோது, உப்பிட்ட மாட்டிறைச்சி உண்ணலாம் என்று அமெரிக்க ஆயர்கள் பலர் தம் மக்களுக்குச் சலுகை வழங்கினார்கள். அந்தச் சலுகை பீப்பாயில் தயாராக இருக்கும் ஐரிஷ் ஸ்டௌட்டுக்கும் நீளுமா? நீளாது என்க. விதிக்கப்பட்டதற்குத்தான் விலக்கு உண்டு. ஸ்டௌட்டை ஆயர் தடுக்கவே இல்லை. தடுக்காதவர் எப்படி அனுமதிப்பார்? இந்த வாதத்தைக் கேட்ட நம்மவர், தான் காய்ச்சிய ஸ்டௌட்டை அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிட்டுக் காபி போடப் போனார்.

இவையெல்லாம் கிளை வழக்குகள். மூல வழக்கு ஹைட்ரோமீட்டர்.

பியர் நொதித்து முடிந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. வாயு வெளியேறும் ஏர்லாக்கில் குமிழி நின்றுபோனாலும் உள்ளே ஈஸ்ட் வேலை செய்துகொண்டிருக்கலாம். அடர்த்தியை அளக்க வேண்டும். தொடக்கத்தில் 1.050 இருந்தது இறங்கி 1.010 அளவில் வந்து, இரண்டு மூன்று நாள் அங்கேயே நின்றால் முடிந்தது என்று பொருள். அதற்குள் அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைத்தால் மிச்சச் சர்க்கரை உள்ளே நொதித்து, பாட்டில் வெடிக்கும். ஆகவே அளப்பது ஆசை அன்று, கடமை. அளக்க ஹைட்ரோமீட்டர் மிதக்க வேண்டும். அது மிதக்க உயரமான குழாய் நிறையத் திரவம் வேண்டும். நூறு மில்லியாவது தேவை. அளந்தாயிற்று. இப்போது குழாயில் இருக்கும் அந்த நூறு மில்லியை என்ன செய்வது?

குடித்தால் விரதம் போயிற்று. திரும்பப் பாத்திரத்தில் ஊற்றினால் கூடவே கிருமியும் போய் அதிலுள்ள 19 லிட்டரும் புளித்துப்போகலாம். சுத்தம்தான் பியர் என்று அத்தொழில் தெரிந்த எவரும் சொல்வார். தொட்டியில் கொட்டலாம். ஆனால் ஒறுத்தலுக்குரிய காலத்தில் விளைந்த தானியத்தின் சாற்றைச் சாக்கடையில் விடுவது எந்த வகைப் புண்ணியம்? சாதாரண நாட்களில் இக்கேள்வி எழுவதே இல்லை. அந்த நூறு மில்லி, குளிர்ச்சியும் இல்லாமல் வாயுவும் இல்லாமல், அளந்த கையோடு வாய்க்குள் போய்விடும். அளப்பதற்காகக் குடித்தாரா, குடிப்பதற்காக அளந்தாரா என்று எந்த மனைவியும் கேட்டதில்லை. கேட்டவர்கள் விடையை நம்பியதில்லை.

அறிவியல் இதற்கு ஒரு துறவுக் கருவியைத் தந்திருக்கிறது. அது ரிஃப்ராக்டோமீட்டர். ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளப்பது. இரண்டு சொட்டுப் போதும். துடைத்துவிடலாம், மனம் உறுத்தாது. ஆனால் நொதித்தபின் உள்ளே சேர்ந்த ஆல்கஹால் ஒளியை வேறு மாதிரி வளைத்துக் கணக்கைக் கெடுக்கிறது. திருத்தச் சூத்திரம் போட வேண்டும்; சூத்திரத்தில் சந்தேகம் வந்தால் ஹைட்ரோமீட்டரில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். சந்தேகம் வருகிறது. தவக்காலத்தில் சற்று அதிகமாகவே வருகிறது.

வாயைத் துறந்தவருக்கு மூக்கு மிஞ்சியிருக்கிறது. குளிரில் கிடந்து பக்குவமாகும் லாகர் வகை பியரில் டைஅசிடைல் என்ற பொருள் தங்கிவிட்டால் வெண்ணெய் வாடை அடிக்கும். சிறிது பியரை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டு மோந்து பார்த்தாலே தெரிந்துவிடும், நாக்கே வேண்டாம். மோப்பம் விரதத்தைக் குலைக்குமா என்பது பற்றி முன்னோர் தெளிவாக ஒன்றும் சொல்லாததால், அதை நாம் அனுமதிக்கிறோம். ஒயின் சுவைஞர்களைப் போல வாயில் வைத்துத் துப்பிவிட்டால் என்ன என்பார் ஒருசாரார். பியர் நடுவர்கள் அதை ஏற்பதில்லை; கசப்பு தொண்டையில் இறங்கினால்தான் முழுதாகத் தெரியும் என்பது அவர்கள் கட்சி. வீட்டிலுள்ள இன்னொருவரைக் குடிக்கவைத்துக் கருத்துக் கேட்கலாம் என்பார் இன்னொரு சாரார். கேட்டார்கள். ‘நல்லாத்தான் இருக்கு’ என்று விடை வந்தது. மதிப்பெண் தாளில் இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

இவ்விடத்தில் சார்லி பப்பாசியனின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1984இல் வெளிவந்த அவருடைய நூலைத்தான் அமெரிக்காவில் இரண்டு தலைமுறை வீட்டு பியர்காரர்கள் அடுப்படியில் விரித்து வைத்துக்கொண்டு கற்றார்கள். கவலை வரும் இடத்திலெல்லாம் அவர் தரும் மருந்து ஒன்றே: பதறாதே, நீயே காய்ச்சிய பியரை ஒரு கோப்பை குடி. நல்ல மருந்து. தவக்காலத்தில் அதன் முதல் பாதி மட்டுமே செல்லும். இரண்டாம் பாதி இல்லாமல் முதல் பாதி வேலை செய்வதில்லை.

முன்னுதாரணம் ஏதும் உண்டா என்று தேடினால், வரலாறு நம்மவருக்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. பழைய சமய அறிஞர்கள் பெரும்பாலும் விவாதித்தது திரவம் நோன்பைக் குலைக்குமா என்றுதான். 1636இல் அந்தோனியோ தெ லெயோன் பினேலோ சாக்லேட் பானம் ஒருசந்தியைக் கெடுக்குமா என்று ஆராய ஒரு நூலே எழுதினார். 1664இல் கர்தினால் பிரன்காச்சோ அது பானம், பானம் நோன்பைக் கெடுக்காது என்று எழுதினார். (நம் கட்டுரையின் தலைப்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் இந்தப் பத்தியை மறுபடி படிக்கலாம்.) அந்த விதியின் நிழலில்தான் மியூனிக் நகரின் பவுலானர் துறவிகள் தழைத்தார்கள். பவுலா ஊர்ப் புனித பிரான்சிஸின் சபையார். இறைச்சி, முட்டை, பால் எல்லாவற்றையும் தவக்காலத்தில் மட்டுமின்றி ஆயுள் முழுவதும் விலக்க வாக்குக் கொடுத்தவர்கள். 1627இல் மியூனிக்கில் குடியேறினார்கள். 1634இல் அவர்கள் பியர் விற்பதை எதிர்த்து ஊர் பியர்காரர்கள் முறையிட்டது பதிவாகியிருக்கிறது. வயிற்றுக்குச் சோறு இல்லாத குறையை மால்ட் செறிந்த கெட்டி பியரால் ஈடுகட்டினார்கள். அதன் வழித்தோன்றல்தான் இன்றைய சால்வத்தோர், டாப்பல்பாக் வகையின் மூத்த பெயர். அந்த பியரை அனுமதி கேட்டு ரோமுக்கு அனுப்பியதாகவும், ஆல்ப்ஸ் மலை கடந்து போவதற்குள் கெட்டுவிட்டதாகவும், ஒரு வாய் குடித்த திருத்தந்தை இதைக் குடிப்பதே போதுமான தவம் என்று விட்டுவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. கதைதான். ஆனாலும் வீட்டு பியரை விருந்தினர் முகத்தில் சோதித்தவர்கள் அதை நம்புவார்கள்.

2011இல் அயோவா மாநிலச் செய்தித்தாள் ஆசிரியர் ஜே. வில்சன், அவரும் வீட்டில் பியர் காய்ச்சுபவரே, இந்தத் துறவிகளைப் பின்பற்றி 46 நாளும் உணவே இல்லாமல் டாப்பல்பாக்கும் தண்ணீருமாகக் கழித்தார். நாளுக்கு நான்கைந்து கோப்பை. ஏறத்தாழ 25 பவுண்டு இளைத்தார். ஆக, முன்னோர் சோற்றைத் துறந்து பியரைக் குடித்தார்கள். நம்மவர் சோற்றை உண்டு பியரைத் துறக்கிறார். யார் நோன்பு பெரிது என்று தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கில்லை. யார் உடல் பெருக்கும் என்று மட்டும் சொல்ல முடியும்.

இப்போது, தவக்காலத் துறவால் கடைத்தேறுவது பியர் என்ற நம் இரண்டாம் கூற்றுக்கு வருகிறோம். பவேரியாவில் 1553ஆம் ஆண்டு ஆணைப்படி ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பியர் காய்ச்சத் தடை; கோடை வெப்பத்தில் அது கெட்டுப்போகும். ஆகவே மார்ச்சில், அதாவது ஏறக்குறைய தவக்காலத்தில், கோடை முழுவதும் தாங்கும்படி செறிவாகக் காய்ச்சிக் குளிர்ந்த நிலவறைகளில் கிடத்தினார்கள். மார்ட்சன் என்ற வகைக்கு மார்ச்தான் பெயர் கொடுத்தது. பியர் அங்கே கிடக்கும், அதுதான் சூட்சுமம். லாகர் நொதித்து முடிந்ததும் உறைநிலையை ஒட்டிய குளிரில் நான்கு முதல் ஆறு வாரம், சில வகைகள் அதற்கு மேலும், தொந்தரவில்லாமல் கிடக்க வேண்டும். கந்தக வாடை போகும், பச்சை வாடை போகும், ஈஸ்டும் புரதமும் அடியில் படியும், பியர் தெளியும். 46 நாள் என்பது ஆறரை வாரம். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு லாகரைக் குளிரில் வைத்தவருக்கு உயிர்ப்பு ஞாயிறன்று அது பக்குவமாகி நிற்கும்.

மற்ற நாட்களில் இது நடப்பதே இல்லை. மூன்றாம் நாள் ஒரு கோப்பை, எப்படி வருகிறது என்று பார்க்க. ஆறாம் நாள் ஒன்று, மாறியிருக்கிறதா என்று பார்க்க. நண்பர் வந்தார், அவர் பார்க்க. கடைசி பாட்டில்தான் எல்லாவற்றிலும் அருமை என்று வீட்டு பியர்காரர்கள் உலகெங்கும் புலம்புகிறார்கள். அதில் மர்மம் ஏதுமில்லை, அது ஒன்றுதான் பக்குவமாகும்வரை உயிரோடிருந்தது. தவக்காலம் ஐம்பது பாட்டிலையும் கடைசி பாட்டிலாக்கிவிடுகிறது. இதற்கு விதிவிலக்கு ஐபிஏ என்ற பியர் வகை. அதன் ஹாப்ஸ் மணம் வாரத்துக்கு வாரம் மங்கும். அதைத் திருநீற்றுப் புதனன்று கையிருப்பில் வைத்திருப்பவர் திட்டமிடத் தெரியாதவர், அனுதாபத்துக்குரியவர் அல்லர்.

ஒரு தடை: குடிக்காதபோது காய்ச்சவும் முடியாதே? ஏன் முடியாது என்றால், பாட்டில் இல்லை. வீட்டு பியரின் பொருளாதாரம் முழுவதும் காலி பாட்டிலில் நிற்கிறது; குடித்தால்தான் காலியாகும், காலியானால்தான் நிரப்பலாம். நான்காம் வாரத்தில் பாத்திரத்தில் பியர் தயார், அலமாரியில் எல்லா பாட்டிலும் நிறைந்து நிற்கின்றன. அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கலாம், பாட்டில் திரும்பி வராது. வீட்டு பியர்காரர் தவக்காலத்தில் உண்மையில் ஏங்குவது பியருக்காக அன்று, காலி பாட்டிலுக்காக என்று ஒரு கருத்து உண்டு. அதை இன்னும் ஆராய வேண்டும்.

எஞ்சியிருப்பது முடிவு நேரம். வழிபாட்டு ஒழுங்குப்படி தவக்காலம் பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் தவக்கால நோன்பு பெரிய சனி நண்பகலோடு முடிந்தது. மக்கள் வழக்கில் பாஸ்கா திருவிழிப்பு முடிய வேண்டும். வியாழன் கட்சிக்கு நூல் சான்று வலுவாக இருந்தும், மறுநாள் புனித வெள்ளி என்பதால் அதன் ஆதரவாளர்கள் வெளியே பேசுவதில்லை.

நம்மவர் திருவிழிப்பு முடிந்து, நள்ளிரவில் வீடு திரும்பி, கோட்டைக்கூடக் கழற்றாமல் லாகரைத் திறந்தார். அது 1 டிகிரியில் இருந்தது. அந்தக் குளிரில் நாக்கு மரத்துச் சுவை தெரியாது, இருபது நிமிடம் வெளியே வைக்க வேண்டும். 46 நாள் காத்திருந்தவர் இருபது நிமிடம் காத்திருக்கவில்லை. குடித்தார், கோப்பையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார், மறுபடி குடித்தார். பிறகு குறிப்பேட்டை எடுத்து எழுதினார்: ‘தெளிவு நன்று. இன்னும் இரண்டு வாரம் கிடந்திருக்கலாம்.’