வேளச்சேரி கிராண்ட் ப்ரீ

பஞ்சர் கடைத் தம்பி ஆணியை இன்னும் பிடுங்கவில்லை. டயரை ஒரு சுற்று தடவிப் பார்த்தார். பிறகு மற்ற மூன்றையும் போய்த் தடவிவிட்டு வந்தார். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும் டாக்டர் மாதிரி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, “சார், கொஞ்சம் இப்படி வாங்க” என்றார். போனேன்.

“பட்டனே இல்லியே சார்.”

டயரில் கட்டம் கட்டமாகத் துருத்திக்கொண்டிருக்கும் ரப்பருக்கு நம் ஊரில் பட்டன் என்று பெயர். சட்டையில் ஒரு பட்டன் இல்லையென்றால் வாசல்வரை போகக் கூசுகிற நான், நாலு டயரிலும் பட்டன் இல்லாமல் மாதக்கணக்கில் ஊர் சுற்றியிருக்கிறேன். தம்பி ஒரு தீக்குச்சியைக் குழிக்குள் விட்டுக் காட்டினார். குச்சியின் மருந்துத் தலைகூட முழுசாக மறையவில்லை. குழிக்கு அடியில் ஆங்காங்கே சின்னத் திண்டு மாதிரி ரப்பர் மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்தத் திண்டோடு சமமாகிவிட்டால் டயருக்கு ஆயுள் முடிந்தது என்று கணக்கு. என் டயரில் இரண்டும் தோளோடு தோள் உரசி நின்றன.

“ஆணிக்கு ஸ்ட்ரிப் போட்டுத் தரேன். ஆனா மழைக்கு முன்னாடி நாலையும் மாத்திடுங்க.”

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெளியே பார்த்தால் சாதுவான செடான், நாலு கதவு, டிக்கி, எல்லாம் குடும்பப் பாங்கு. உள்ளே ஒன்றரை லிட்டர் டர்போ இன்ஜின், 150 குதிரை சக்தி. ஐம்பதை நெருங்கும் ஆண்களில் சிலர் மாரத்தான் ஓடுவார்கள், சிலர் தலைக்குச் சாயம் அடிப்பார்கள். நான் இதை வாங்கினேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள திரையில் ஒரு பொத்தானை அமுக்கினால், வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை வண்டி ஓடிய சராசரி வேகம் தெரியும். மணிக்கு 19 கிலோமீட்டர். வேளச்சேரிக்கும் அலுவலகத்துக்கும் நடுவே 150 குதிரைகளைப் பூட்டி ஜட்கா ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதை அந்தத் திரை நாசூக்காகச் சொல்கிறது. அந்தப் பொத்தானை நான் அமுக்குவதில்லை.

டயரின் விலாவில் ‘205/55 ஆர்16 91வி’ என்று எழுதியிருந்தது. அகலம் 205 மில்லிமீட்டர். அந்த அகலத்தில் 55 சதவீதம், பக்கவாட்டுச் சுவரின் உயரம். ‘ஆர்’ என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றும். சென்ட், குழி, சதுர அடி எல்லாவற்றையும் ஒரே பத்திரத்தில் போட்டுக் குழப்பும் நம் ஊர் பத்திர எழுத்தர் யாரோதான் இதையும் எழுதியிருக்க வேண்டும். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதற்கான சங்கேதம். கடைசியில் உள்ள ‘வி’தான் என்னைக் கட்டிப்போட்டது. மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தாங்குமாம். 240 வேகத்துக்கு உத்தரவாதம் பெற்ற டயரை, 19 வேகத்திலேயே ஓட்டி நான் மொட்டையாக்கியிருக்கிறேன். இதுவும் ஒரு திறமைதான்.

டயர் மாற்றப்போகிறேன் என்று வாயைத் திறந்ததுதான் தாமதம். பெண்ணுக்கு வரன் பார்க்கிறேன் என்று சொன்னால்கூட இத்தனை பேர் யோசனை சொல்லியிருக்க மாட்டார்கள்.

மைத்துனன் முதலில் வந்தான். “மாமா, அப்சைஸ் பண்ணிடுங்க. 215 போடுங்க, பின்னாடிலேர்ந்து பாத்தா சும்மா சிங்கம் மாதிரி இருக்கும்.” உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதே 55-ஐ வைத்துக்கொண்டு 215 போட்டால் சக்கரத்தின் விட்டம் 11 மில்லிமீட்டர் கூடும். ஸ்பீடோமீட்டருக்கு அது தெரியாது. அது நூறு காட்டும்போது முன்பு ஓடியதைவிட ஒன்றே முக்கால் சதவீதம் கூடுதலாக ஓடிக்கொண்டிருப்போம். 19-க்கு எவ்வளவு கூடும் என்று மனைவி கேட்டாள். 0.3 கிலோமீட்டர். சிங்கம் அத்தோடு குகைக்குத் திரும்பியது.

அபார்ட்மென்ட் செக்ரட்டரி ஓய்வுபெற்ற அதிகாரி. “ரீட்ரெட் பண்ணிடலாமே சார், லாரிக்காரன் எல்லாம் பண்றானே” என்றார். லாரி டயரின் உடம்பு வேறு, கார் டயரின் உடம்பு வேறு என்று விளக்கப் போனேன். தன் சான்ட்ரோவின் டயர்களைக் காட்டினார். ஸ்கூல் ஸ்லேட்டு மாதிரி இருந்தன. “எட்டு வருஷம் ஆச்சு, ஒண்ணும் ஆகலை பாருங்க.” அந்த வண்டி வாரம் ஒருமுறை மயிலாப்பூர் போய் வருகிறது. அதற்கு என்ன ஆக வேண்டும்?

மான்ட்ரியாலில் இருக்கும் பெரியப்பா பையன் போனில் சிரித்தான். “வருஷம் பூரா ஒரே டயராடா ஓட்டறே?” அங்கே கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் போட்டே ஆக வேண்டும், சட்டம். ஏழு டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை விட்டுவிடுமாம். அதனால் இரண்டு செட் டயர், வருஷத்துக்கு இரண்டு தடவை மாற்றம். நம் ஊரில் மார்கழி விடியலில் இருபது டிகிரிக்குக் கீழே இறங்கினாலே மப்ளர் வெளியே வந்துவிடும். எங்களுக்கு வெயில் காலம், ரொம்ப வெயில் காலம், வேளச்சேரியில் தண்ணீர் நிற்கும் காலம் என்று மூன்றே பருவம். மூன்றுக்கும் ஒரே டயர்தான்.

அதில்தான் சிக்கல். ரப்பர் மெதுவாக இருந்தால் ரோட்டை நன்றாகக் கவ்வும், சீக்கிரம் தேயும். கெட்டியாக இருந்தால் வெகுநாள் உழைக்கும், மழையில் கைவிடும். இரண்டையும் ஒரே டயரில் கேட்பது, நன்றாகச் சமைக்கவும் வேண்டும், எண்ணெயும் செலவாகக் கூடாது என்பது போல. எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு விலாவில் ஓர் எண் போடுகிறார்கள், 200, 300, 400 என்று. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தேடியதில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போய்விட்டேன். சான் ஆஞ்சலோ என்ற ஊரைச் சுற்றி சுமார் 640 கிலோமீட்டர் சாலையில், வண்டிகளை வரிசையாக ஓட்டித் தேய்த்துப் பார்க்கும் முறை அது. மாதிரி டயருக்கு 100 என்று வைத்தால் அதைப் போல மூன்று மடங்கு உழைப்பது 300. எனக்கு ஒரே சந்தேகம். அந்த 640 கிலோமீட்டரில் வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடை ஒன்றாவது உண்டா?

பிராண்ட் விஷயத்தில் மைத்துனன் பிரெஞ்சுக் கட்சி. மிஷெலின்தான் என்று ஒற்றைக் காலில் நின்றான். ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் அதே கம்பெனி. 1900-இல் அவர்கள் முதல் கையேட்டை இலவசமாகக் கொடுத்தது, ஜனங்கள் காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றினால்தான் டயர் தேயும் என்ற நல்லெண்ணத்தில். எனக்கு அவர்கள் மீது மரியாதை கூடிவிட்டது. என் டயர் தேய்ந்ததும் பெரும்பாலும் சாப்பாட்டால்தான். கும்பகோணம் போகும் வழியில் இருக்கும் காபிக் கடைகளை மட்டும் கழித்துவிட்டால் என் பட்டன் இன்னும் இரண்டு மில்லிமீட்டர் உயரமாக இருந்திருக்கும்.

எங்கள் அப்பா காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. டயர் என்றால் எம்ஆர்எஃப். 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனி அது. பலூன் ஊதிய ஊர் இன்று டயர் ஊராகிவிட்டது. ஒரகடம், தேர்வாய் கண்டிகை என்று சென்னையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒரு டயர் தொழிற்சாலையின் மதில் வருகிறது. ஆற்றங்கரையில் நின்று குடிதண்ணீர் தேடியவன் மாதிரி நான் தேடிக்கொண்டிருந்தேன்.

தேடி முடித்து கடைக்குக் கிளம்பும் வேளையில் மனைவி தடுத்தாள். அவள் வங்கியில் வேலை பார்க்கிறவள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிறது என்றாள்.

“பத்து பர்சன்ட் மிச்சமா?” என்றேன்.

“ஏழு புள்ளி எட்டு. இப்ப நாப்பதாயிரம்னா அப்ப மூவாயிரத்து நூத்தி இருபத்தஞ்சு குறையும். பேசாம மூணு வாரம் மெதுவா ஓட்டுங்க.”

மூன்று வாரம் ஓட்டினேன். கையில் விளக்கை ஏந்திக்கொண்டு கோயிலைச் சுற்றும் பெண்மணியைப் போல ஓட்டினேன். ஸ்கூட்டியில் காய்கறிப் பையோடு போன ஒரு பாட்டி என்னைக் கடக்கும்போது திரும்பிப் பார்த்தார், வண்டியில் ஏதாவது பழுதா என்று. திரையில் சராசரி 18 ஆகிவிட்டது. தெரியாத்தனமாக அமுக்கிவிட்டேன்.

அக்டோபரில் கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். முப்பது வருஷ ரப்பர் கறை விரலில். சிறப்புக் குணங்களையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன நான், ஸ்போர்ட்ஸ் டயர் வேண்டும் என்றேன்.

“எவ்ளோ ஸ்பீடு போவீங்க சார்?”

“ஹைவேல ஒரு நூத்திப்பத்து…”

“எண்பது” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

“வருஷத்துக்கு எத்தனை தடவை?”

“கும்பகோணம். ரெண்டு தடவை” என்றது அதே குரல்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இல்லை. என்னைப் போல் எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார். “அப்ப ஸ்போர்ட்ஸ் டயர் எதுக்கு சார்?” என்று மட்டும் கேட்டார். நாற்பத்தைந்தாயிரம் கிலோமீட்டரில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. டயரை நான் எனக்காகத் தேடவில்லை. எனக்குள் உட்கார்ந்து கையுறை மாட்டிக்கொண்டு சதா கியர் மாற்றிக்கொண்டிருக்கும் இன்னொருத்தனுக்காகத் தேடிக்கொண்டிருந்தேன். அவனுக்கு வேளச்சேரியில் வீடு இல்லை.

“முன்னாடி ரெண்டு மட்டும் மாத்தலாமா?” என்று கௌரவமாகப் பின்வாங்கப் பார்த்தேன். முன்சக்கரம் இழுக்கிற வண்டி, முன்னால்தான் அதிகம் தேயும். அவர் தலையாட்டினார். இரண்டே மாற்றினாலும் புதுசு இரண்டும் பின்னால்தான் போட வேண்டுமாம். மழையில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே போகும், காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரமாகிவிடும். “பட்டனுக்கு நடுவுல நீளமா ஓடுது பாருங்க, அதான் சார் வடிகால். தண்ணிய வெளிய தள்ளணும். தள்ளலைன்னா டயர் தண்ணி மேல மிதக்கும், ஸ்டியரிங் பஞ்சு மாதிரி ஆயிடும்.” வடிகால் என்ற சொல்லைக் கேட்டாலே கண் கலங்குகிற பேட்டை எங்களுடையது. நாலும் மாற்றச் சம்மதித்தேன். இந்தப் பெரிய வண்டி ரோட்டைத் தொட்டுக்கொண்டிருப்பது, டயருக்கு ஓர் உள்ளங்கை வீதம், மொத்தம் நாலு உள்ளங்கை அளவுதான் என்று அவர் சொன்னதும் மீதிச் சந்தேகம் தீர்ந்தது.

இரண்டு டயர்களை எடுத்து வைத்தார். ஒன்று மூர்க்கமான முகம், பிடிப்பு பிரமாதம். இன்னொன்று அமைதி, மழைக்கு நல்லது, சத்தம் குறைவு. மனைவி கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. “ராஜா பாட்டுல புல்லாங்குழல் கேக்குமா?” ரோட்டுச் சத்தத்தில் பழைய டயர் மூன்று வருஷமாகப் புல்லாங்குழலை விழுங்கிவிட்டதாம். கடைக்காரர் இரண்டாவதின் மேல் கையை வைத்தார். டயர் முடிவாயிற்று. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், மைத்துனன் படிப்பான்.

விலாவில் நாலு இலக்கம் பார்த்து வாங்கச் சொன்னார். 3125 என்றால் 2025-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம் பிறந்தது. மாற்றி முடித்து நைட்ரஜன் நிரப்பட்டுமா என்றார் பையன், டயருக்கு ஐம்பது ரூபாய். காற்றில் ஏற்கெனவே 78 சதவீதம் நைட்ரஜன்தானே என்றேன். “அப்ப மீதி இருபத்திரண்டுக்கு இருநூறு ரூபாயா?” என்றாள் மனைவி. ஆனாலும் நிரப்பிக்கொண்டேன். வால்வுக்குப் பச்சை மூடி போடுவார்கள், அழகாக இருக்கும். உள்ளே இருக்கும் அந்த இன்னொருத்தனுக்கும் ஏதாவது வேண்டும் அல்லவா.

டிக்கியில் ஸ்டெப்னி சும்மா கிடந்தது. வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி என்றொரு தெரு இருக்கிறது. 1904-இல் அங்கே உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்த ஊர்க்காரர்கள் சொல்லை மறந்துவிட்டார்கள், நாம் விடவில்லை. நம் ஊரில் அதற்கு வேறு அர்த்தமும் உண்டு, அதற்குள் போக வேண்டாம்.

“பழசை எடுத்துட்டுப் போறீங்களா சார்?”

ஒரு கணம் ஆசை வந்தது. சின்ன வயதில் தேய்ந்த சைக்கிள் டயர் ஒன்றைக் குச்சியால் தட்டித் தட்டித் தெருத் தெருவாக ஓட்டியிருக்கிறேன். நான் ஓட்டியதிலேயே வளைவில் நன்றாகத் திரும்பிய வண்டி அதுதான். மனைவி முறைத்தாள். போகிக்கு எவனாவது கொளுத்திவிடுவான் என்றாள். விட்டுவிட்டு வந்தோம்.

பத்து நாளில் ஆரஞ்சு அலர்ட் வந்தது. வேளச்சேரியில் ஆரஞ்சு அலர்ட் என்றால் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் மேம்பாலத்துக்கு ஓடுவார்கள், மேட்டில் நிறுத்திவிட. எங்கள் ஊரின் ஒரே மோட்டார் பந்தயம் அது. தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. 150 குதிரை, புதுப் பட்டன், பச்சை மூடி. வீட்டிலிருந்து பாலம்வரை 1.2 கிலோமீட்டர், ஒரு வழுக்கல் இல்லை. போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தது பதினேழாவது இடம். பாலத்தின் உச்சியில், முதல் வண்டியாக, செக்ரட்டரியின் சான்ட்ரோ நின்றிருந்தது. மத்தியானமே வந்துவிட்டாராம்.

மழை வலுத்தது. இறங்கி நடக்க வழியில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ராஜா பாட்டுப் போட்டோம். மனைவி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். புல்லாங்குழல் துல்லியமாக வந்தது.

“பரவாயில்லைங்க, டயர் சத்தமே இல்ல” என்றாள்.

வண்டி அப்போது நின்றுகொண்டிருந்தது.