விளம்பரங்களுக்குக் கதவடைப்பு

கேள்வி: நான்கு பத்திச் செய்தி ஒன்றைக் கைப்பேசியில் திறந்தால், அது வந்து சேர ஏன் இத்தனை நேரம்?

பதில்: செய்தி வருவதற்குள் அங்கே ஓர் ஏலம் நடந்து முடிய வேண்டியிருக்கிறது. பக்கம் திறக்கத் தொடங்கியதுமே, அதில் விளம்பரத்துக்கென ஒதுக்கப்பட்ட இடம், வாசகரின் கைப்பேசி எந்த வகை, அவர் ஏறத்தாழ எந்த ஊரில் இருக்கிறார், முன்பு எவற்றைத் தேடினார் என்பன போன்ற விவரங்களோடு பல நிறுவனங்களின் முன் வைக்கப்பட்டு, நொடியின் சிறு பகுதிக்குள் விலை பேசப்படுகிறது. உடனடி ஏலம் எனப்படும் இந்த முறையில் விற்கப்படுவது வாசகரின் கவனம். ஏலத்தொகையில் அவருக்குப் பங்கு கிடையாது, ஆனால் டேட்டா செலவு அவருடையது. அமெரிக்காவின் முன்னணிச் செய்தித்தளங்கள் ஐம்பதை 2015இல் நியூயார்க் டைம்ஸ் இதழ் அளந்து பார்த்தபோது, அவற்றின் கைப்பேசிப் பக்கங்களில் இறங்கிய டேட்டாவில் பாதிக்கும் மேல் விளம்பரங்களுக்கும், விளம்பரத் தடுப்பான் செயலிகள் வடிகட்டும் பிற சரக்குகளுக்கும் உரியதாக இருந்தது.

கேள்வி: எது செய்தி, எது விளம்பரம் என்று தடுப்பான் படித்துப் பார்த்தா முடிவு செய்கிறது?

பதில்: தடுப்பானுக்குப் படிக்கத் தெரியாது, முகவரி பார்க்கத்தான் தெரியும். விளம்பரங்களை அனுப்பும் சர்வர்களின் பெயர்களும், விளம்பரக் கட்டங்களின் அடையாளங்களும் அடங்கிய பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கம் கேட்கும் ஒவ்வொரு கோப்பும் எங்கிருந்து வருகிறது என்று ஒப்பிட்டு, பட்டியலில் உள்ள முகவரியாயின் அந்தக் கோரிக்கையை வெளியே செல்லவிடாமல் நிறுத்துவதும், பிறகு மிஞ்சும் வெற்றுக் கட்டத்தை மறைப்பதுமே அதன் வேலை. 2005இல் தொடங்கிய ஈஸிலிஸ்ட் என்னும் இத்தகைய பட்டியலைத் தன்னார்வலர்கள் இன்றளவும் திருத்திப் புதுப்பித்து வருகின்றனர். செய்தித்தளம் தன் சொந்த சர்வரிலிருந்தே, செய்தியின் உடையணிவித்து அனுப்பும் விளம்பரக் கட்டுரை பெரும்பாலும் இந்தச் சோதனையில் சிக்குவதில்லை.

கேள்வி: உலாவியில் தடுத்தாயிற்று, விளையாட்டுச் செயலிகளுக்குள் குதிக்கும் விளம்பரங்களை என்ன செய்வது?

பதில்: அவற்றைப் பெயர் விசாரிக்கும் இடத்திலேயே மடக்கலாம். ஒரு சர்வரின் பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்முகவரியைத் தேடித் தரும் ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர். 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், அமைப்புகள் பகுதியில் ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ என்னும் வசதி இருக்கிறது. அங்கே விளம்பரங்களை வடிகட்டித் தரும் டி.என்.எஸ். சேவை ஒன்றின் பெயரை எழுதிவிட்டால், விளம்பர சர்வரின் முகவரியை எந்தச் செயலி கேட்டாலும் பதில் கிடைக்காது. ஆயினும் யூடியூப் விளம்பரங்களிடம் இந்த வித்தை பலிப்பதில்லை. பாட்டும் பாட்டுக்கு நடுவே வரும் விளம்பரமும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகை சர்வர்களிலிருந்து வருவதால், ஒன்றைத் தடுத்தால் மற்றதும் நின்றுவிடும்.

கேள்வி: தடுப்பான்களைக் கூகுள் விரும்பாதாமே, உண்மையா?

பதில்: வருவாயில் பெரும்பகுதியை விளம்பரத்தால் ஈட்டும் நிறுவனம் அவற்றை விரும்பினால்தான் வியப்பு. பிற செயலிகளின் இயக்கத்தில் குறுக்கிடக் கூடாது என்னும் விதியைக் காட்டி, 2013 மார்ச்சில் ஆட்பிளாக் பிளஸ் உள்ளிட்ட தடுப்பான்களை அது பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. தனக்குள் மட்டும் விளம்பரத்தைத் தடுக்கும் உலாவிகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கான ஃபயர்பாக்ஸில், உலாவியோடு கூடுதலாகப் பொருத்தப்படும் நீட்சி என்ற முறையில், யுபிளாக் ஆரிஜின் என்னும் தடுப்பானை நிறுவிக்கொள்ளலாம். ஆப்பிள் நிறுவனமோ 2015இல், ஐ.ஓ.எஸ். 9 வாயிலாக, சஃபாரி உலாவியில் தடுப்பான்களுக்குத் தானே இடமளித்தது. அந்நிறுவனத்தின் பெருவருவாய் கருவி விற்பனையில் வருகிறது என்பதை நினைவிற்கொண்டால் இந்தத் தாராளத்தின் காரணம் விளங்கும்.

கேள்வி: தடுப்பான் போட்ட பிறகும் சில விளம்பரங்கள் வருகின்றனவே?

பதில்: அவை அனுமதிச் சீட்டோடு வருபவையாக இருக்கலாம். ஆட்பிளாக் பிளஸை நடத்தும் ஜெர்மனியின் ஐயோ நிறுவனம், உறுத்தாத விளம்பரங்களை மட்டும் உள்ளே விடும் ‘ஏற்கத்தக்க விளம்பரங்கள்’ என்னும் திட்டத்தை 2011இல் கொண்டுவந்து, அதற்குப் பெரிய நிறுவனங்களிடம் கட்டணமும் வாங்குகிறது. வாயிலை அடைத்துவிட்டு, திறப்பதற்குக் காசு கேட்பது முறையா என்று ஆக்செல் ஸ்பிரிங்கர் பதிப்புக் குழுமம் தொடுத்த வழக்கில், இது முறையற்ற வணிகப் போட்டி ஆகாது என்று ஜெர்மனியின் உச்சநிலை உரிமையியல் நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. திட்டம் பிடிக்காத வாசகர் தடுப்பானின் அமைப்புகளுக்குச் சென்று அந்த அனுமதியை ரத்துசெய்துகொள்ளலாம்.

கேள்வி: விளம்பரத்தைத் தடுக்கும் செயலியிலேயே விளம்பரம் வந்தால்?

பதில்: முதலில் தடுக்கப்பட வேண்டியது அந்தச் செயலிதான்.

கேள்வி: இலவசத் தடுப்பானை நம்பலாமா?

பதில்: அது எதைப் பார்க்க அனுமதி கேட்கிறது என்பதைப் பொறுத்தது. சஃபாரியின் ஏற்பாட்டில் தடுப்பான் தன் விதிப்பட்டியலை உலாவியிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதால், வாசகர் எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்பது அதற்குத் தெரியாது. மாறாக, மறையாக்கம் செய்யப்பட்ட தகவல்களையும் பிரித்துப் பார்ப்பதற்காகத் தனது பாதுகாப்புச் சான்றிதழைக் கைப்பேசியில் நிறுவச் சொல்லும் பெயர் தெரியாத செயலி, வங்கிக் கணக்கின் கடவுச்சொல் வரைக்கும் பார்க்கும் வாய்ப்பைப் பெற்றுவிடுகிறது.

கேள்வி: விளம்பரத்தைத் தடுப்பது எழுதுபவரின் வயிற்றில் அடிப்பது ஆகாதா?

பதில்: ஆகும், அதனால்தான் 2015 செப்டம்பரில், ஆப்பிளின் கட்டணச் செயலிகளின் பட்டியலில் முதலிடத்தில் இருந்த ‘பீஸ்’ என்னும் தன் தடுப்பானை, வெளியிட்ட இரண்டே நாள்களில் அதை உருவாக்கிய மார்கோ ஆர்மென்ட் மனம் ஒப்பாமல் திரும்பப் பெற்றார். ஆனால் மறுபக்கமும் உண்டு: பெயர்பெற்ற நிறுவனங்களைப் போல வேடமிட்டுத் தேடல் முடிவுகளில் வரும் மோசடி விளம்பரங்களிலிருந்து தப்புவதற்குத் தடுப்பானைப் பயன்படுத்துமாறு அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. ஆகவே தடுப்பானை வைத்துக்கொள்ளும் வாசகர், நாள்தோறும் படிக்கும் இதழுக்குச் சந்தா கட்டட்டும். இயலாவிடில் அந்த ஒரு தளத்துக்காவது விலக்கு அளிக்கட்டும்.