கூரையின் தொலைநோக்கு

தொலைநோக்குத் திட்டமிடல் என்பது வருங்காலச் செலவை முன்கூட்டியே கணக்கிடும் கலை என்று நூல்கள் வரையறுக்க, இங்கிலாந்தின் கல்வித் துறையோ அக்கணக்கைப் பள்ளிக் கூரைகளிடமே ஒப்படைத்திருந்தது. 'ராக்' எனப்படும் இலகு கான்கிரீட், அதாவது சிமெண்டுக் கலவையில் அலுமினியத் தூளைச் சேர்த்துப் பொங்கவைத்து, உயரழுத்த நீராவியில் வேகவைத்து, இட்லியைப் போல் உள்ளெங்கும் நுண்துளைகளுடன் எடுக்கப்படும் பலகை, 1950களிலிருந்து 1990கள் வரை அங்குள்ள பொதுக் கட்டடங்களின் தட்டைக் கூரைகளில் இடம்பெற்றது. அதன் ஆயுள் ஏறத்தாழ 30 ஆண்டுகள் என்று கருதப்பட்டாலும், அது முடிந்த செய்தியை அதற்கு எவரும் தெரிவிக்கவில்லை. 2018இல் கென்ட் பகுதித் தொடக்கப்பள்ளி ஒன்றின் கூரை, அலுவலர்களைவிடப் பொறுப்புணர்வுடன், பிள்ளைகள் வராத வார இறுதியைத் தேர்ந்து இடிந்து விழுந்தது. பிறகு எச்சரிக்கைகளும் வினாப்பட்டியல்களும் நிதானமாகப் பயணம் செய்தன. 2023 ஆகஸ்ட் 31 அன்று, அதாவது கல்வியாண்டு தொடங்கச் சில நாட்களே இருக்கையில், நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு 'ராக்' உள்ள பகுதிகளை மூடும் அவசர ஆணை சென்றது. பத்தாண்டுகளில் 500 பள்ளிகளைப் புதுப்பிக்கும் திட்டமும் ஏற்கெனவே நடப்பில் இருந்தது. அரசு நிதியில் இயங்கும் பள்ளிகள் அங்கு 20,000க்கும் மேல் என்பதால், கடைசிப் பள்ளியின் முறை வர 400 ஆண்டுகளுக்குச் சற்று கூடுதலாகும்.