காற்று போட்ட கணக்கு

கேள்வி: போர் ஓய்ந்த பிறகும் போர்க்கப்பல்கள் அழிந்தது உண்டா?
- நெசவாளர் ஒருவர், மாகறல்

பதில்: உண்டு, நம் கடலூர்க் கரையிலேயே! 1748-ல் பெரும் படையோடு வந்து பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரியை முற்றுகையிட்டார் ஆங்கிலத் தளபதி பொஸ்காவன். கோட்டை அசையவில்லை, அக்டோபர் மழைதான் வந்தது. மூட்டை கட்டினார். ஐரோப்பாவில் சமாதானமும் ஆயிற்று.

பீரங்கி ஓய்ந்தது, வங்கக் கடல் ஓயவில்லை. 1749 ஏப்ரலில் அடித்த புயலில் அவருடைய கொடிக்கப்பல் 'நாமூர்' 500-க்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. 'பெம்ப்ரோக்' கப்பலும் போயிற்று. தரையில் இருந்ததால் தளபதி தப்பித்தார்.

காரணம் எளிது. அன்று இந்தக் கரையில் ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில்தான் நங்கூரம். உங்கள் தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போடலாம். புயலில் நங்கூரக் கயிறு அறுந்தால் முடிச்சுப் போட யார் இருப்பார்கள்?

வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுக்காரர் பிடித்த சென்னை, அந்தச் சமாதான உடன்படிக்கைப்படி அதே 1749-ல் குண்டு வெடிக்காமலே ஆங்கிலேயரிடம் திரும்பியது. ஒப்பந்தத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். வாயு பகவானைத்தான் யாரும் கூப்பிடவில்லை!