உச்சி வெயிலில் மேப்பிள் இலை: படத்தைத் தவறாமல் கெடுப்பது எப்படி?

அமெரிக்காவின் வெர்மான்டுக்குப் போய் இலையுதிர்காலத்தைப் படமெடுக்கப் போகிறீர்களா? நன்றாகத் தூங்கி எழுந்து, பன்னிரண்டு மணிக்குக் கிளம்புங்கள். வானம் மூடியிருந்தால் அறையை விட்டே வெளியே வராதீர்கள். மேகம் வெளிச்சத்தைச் சமமாகப் பரப்பி, ஒவ்வொரு இலையின் நிறத்தையும் தானாகவே காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் உங்கள் திறமைக்கு அங்கே என்ன வேலை?

இடத்தைத் தேடி அலைய வேண்டாம். எல்லோரும் எடுத்த பாம்ஃப்ரெட் ஊரின் ஸ்லீப்பி ஹாலோ பண்ணையையே நீங்களும் எடுங்கள். கூட்டம் தாங்காமல் 2023 இலையுதிர்காலத்தில் அந்தச் சாலையைச் சில வாரங்கள் வெளியூர்க்காரர்களுக்கு மூடியே விட்டார்கள். அவ்வளவு நல்ல இடம்!

இனி வெயில். மேலே இலை தகதகக்கும், கீழே அடிமரம் கரியாக நிற்கும். கண் மாறி மாறிப் பழகி இரண்டையும் பார்த்துக்கொள்ளும். கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, ஒரே அளவில் முடித்தாக வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் ஆட்டோவில் விடுங்கள். இருண்ட அடிமரத்தைப் பார்த்து இரக்கப்பட்டு அது வெளிச்சத்தை ஏற்றும். இலையில் சிவப்புச் சேனல் முதலில் நிரம்பி வழியும். நரம்பு, மடிப்பு எல்லாம் போய், குங்குமம் கொட்டிய தரைதான் மிஞ்சும். மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராம் மெனுவில் எங்கோ ஒளிந்திருக்கிறது. அங்கேயே இருக்கட்டும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்தால் இலை பிழைத்துவிடும், ரா கோப்பாக இருந்தால் நிழலையும் பிறகு தூக்கிவிடலாம். எனவே ஜேபெக்.

இலையின் மெழுகுப் பளபளப்பை அடக்கப் போலரைசர் வாங்கியிருப்பீர்கள். மாட்டுங்கள், ஆனால் வளையத்தைத் திருப்பாதீர்கள். ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தை அது எப்படியும் தின்னும், பலன் மட்டும் கிடைக்காது. திருப்பியே தீருவேன் என்றால் அகலக்கோண லென்ஸில் மாட்டுங்கள். வானத்தில் ஒரு பட்டை மட்டும் கருநீலமாகும்.

பல எக்ஸ்போஷர்களை ஒட்டும் எச்டிஆர் வித்தைக்குக் காற்றடிக்கும் நேரமே உகந்தது. ஒவ்வொரு படத்திலும் இலை வேறிடத்தில் இருப்பதால், ஒரே கிளையில் மும்மடங்கு விளைச்சல்.

ஓர் எச்சரிக்கை. அக்டோபரில் அங்கே உச்சி என்பது பெயருக்குத்தான். நண்பகலிலும் சூரியன் ஏறக்குறைய 40 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தப்பித்தவறி அதற்கு எதிரே நின்று, லென்ஸில் வெயில் விழாமல் கையால் மறைத்து, நிழல் படிந்த மலைச்சரிவைப் பின்னணியாக வைத்து ஒற்றைக் கிளையை எடுத்துவிட்டால் இலைக்குள் விளக்கேற்றியது மாதிரி படம் நன்றாக வந்து தொலைக்கும். உடனே அழித்துவிடுங்கள்.

கடைசியாக, கணினி. சிவப்பு நிறமியான ஆந்தோசயனின் பாவம், இலையில் தன்னாலானதைச் செய்திருக்கிறது. மீதியை நீங்கள் செய்யுங்கள். வொயிட் பேலன்ஸை மஞ்சள் பக்கம் தள்ளி, சாச்சுரேஷனை வலப்பக்கம் இழுங்கள். பின்னால் நிற்கும் பைன் மரமும் பழுக்கத் தொடங்கியதும் கையை எடுக்கலாம்.